மூணு அம்பத்திரண்டுக்குச் சுட்ட குண்டு

என் அம்மா விட்டன் கல்லறைத் தோட்டத்தில் படுத்திருக்கிறாள். அவள் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் நானாகச் சேர்த்தது ஒரு சொல் கிடையாது. நேரமும் நான் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. துப்பாக்கி சுட்டுப் பார்க்கும் சுரங்கத்துச் சுவரில் கடிகாரம் தொங்கும். ஒவ்வொரு துப்பாக்கியைச் சுட்டதும் மணி என்ன என்று சிலேட்டில் குறிக்க வேண்டும். அப்போது எனக்கு எழுத்துத் தெரியாது. எண் தெரியும்.

பேய் என்றால் நடுச்சாமம் என்பார்கள். இது நடந்தது பட்டப்பகலில். 1957 டிசம்பர் 5, வியாழக்கிழமை, மத்தியானம் மூணு அம்பத்திரண்டு. பர்மிங்காமில், கால்வாய் ஓரத்துத் துப்பாக்கிப் பட்டறை ஒன்றில்.

என் பெயர் ஈனாக். பதினாலு வயசில் அந்தப் பட்டறையில் நுழைந்தவன். என் கூட வேலை பார்த்தவன் ஹோரஸ் யார்னல். என் தங்கச்சி எட்னாவைக் கட்டியவன். ஆள் யானை மாதிரி இருப்பான். வாய் ஓயாது. அன்றைக்கு எட்னாவுக்கு எட்டு மாசம். அவர்களுக்கு அதுதான் முதல் பிள்ளை.

எங்கள் வேலை இதுதான். உலகப் போரில் அமெரிக்காக்காரன் நம் பிரிட்டிஷ் பட்டாளத்துக்கு லட்சக்கணக்கில் ரிவால்வர் கொடுத்தான். போர் முடிந்ததும் பட்டாளம் அதைப் பெட்டி பெட்டியாக விற்றது. எங்கள் முதலாளி வாங்கினார். திரும்ப அமெரிக்காவுக்கே விற்பார். ஒரே சிக்கல், நம் பட்டாளத்துத் தோட்டா குட்டை, அமெரிக்காவில் கடையில் கிடைக்கும் தோட்டா நீளம். உருளையில் உள்ள ஆறு துளையையும் நாங்கள் உள்ளே கடைந்து நீட்டுவோம். ஆறு நீளத் தோட்டா போட்டுச் சுட்டுப் பார்ப்போம். பிறகு அது அரசாங்கச் சோதனைக்குப் போய், குழல் மேல் கிரீட முத்திரை வாங்கிக்கொண்டு வரும். அப்புறம் கப்பல்.

பெட்டி பிரித்ததும் முத்திரை பார்த்துப் பிரிப்பது என் பொறுப்பு. எழுத்துத் தெரியாதவனுக்கு எப்படி என்று கேட்கலாம். முத்திரை எனக்குப் படம். அம்புத்தலை ஒன்று குத்தியிருந்தால் பட்டாளத்துச் சொத்து. அதற்கு எதிரே இன்னொரு அம்புத்தலை, மூக்கோடு மூக்கு இடிக்கிற மாதிரி குத்தியிருந்தால், பட்டாளம் அதை விடுவித்துவிட்டது. விற்கலாம். அம்பு ஒன்றே ஒன்று என்றால் தொடக்கூடாது. அது இன்னும் பட்டாளத்து வேலையில் இருக்கிறது.

அன்று காலை 9.10. மூணாவது பெட்டியில் ஒன்று அப்படி வந்தது. அம்பு ஒன்றுதான். பிடியின் அடியில் கயிறு கட்டுகிற வளையம் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தது, நேற்று வரைக்கும் யாரோ இடுப்பில் கட்டியிருந்த மாதிரி. பட்டறையில் குளிரில் பல் கிட்டியது. அந்த இரும்பு மட்டும் குளிரவில்லை.

"இதத் தொட்டுப் பாரு மச்சான்" என்றேன்.

ஹோரஸ் தொட்டான். "உன் கை சூடு. வேற என்ன? ஓடி வந்த சிப்பாய் போல. கட்டி வை, பட்டாளத்துக்காரன் வந்து காதப் புடிச்சு இழுத்துட்டுப் போவான்."

சிவப்புப் பெட்டியில் போட்டேன். மேஸ்திரி லெஞ்ச் வந்து பார்த்தார். பூட்டினார். சாவி அவர் சட்டைப் பையில். இதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

சுரங்கத்தில் நாங்கள் வேலை செய்யும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் மீதி புரியாது.

பட்டறைக்கு அடியில் செங்கல் சுரங்கம். இருபத்தைந்து கஜம். இந்தக் கோடியில் நான், என் முன்னால் மேஜை, ஒரு விளக்கு. அந்தக் கோடியில் மணல் பெட்டி, அதன் முன்னால் பலகை, பலகை மேல் ஒரு விளக்கு. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் புதுப் பலகை. மாற்றுவது ஹோரஸ். அவன் சுரங்கத்துக்குள் நடக்க மாட்டான். பக்கத்தில் ஓடுகிற ஒரு சந்து வழியாகப் போய், மாட்டிவிட்டு, அதே சந்தில் திரும்பி என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பான்.

என் காதில் பஞ்சு. ஒன்றும் கேட்காது. கையில் தோட்டா போட்ட துப்பாக்கி இருக்கும்போது திரும்பக்கூடாது. திரும்பினவனை லெஞ்ச் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. அந்தப் பட்டறையில் எங்களுக்கு முன்னால் இருந்தவர்களுக்கும் அதே ஏற்பாடு. திரும்பி வந்தவன் சுடுகிறவனுடைய தோளில் ரெண்டு தட்டு தட்டுவான். நான் வந்துட்டேன், சுடு என்று அர்த்தம்.

தட்டினால் சுட வேண்டும். பார்க்க வேண்டாம், கேட்க வேண்டாம். பதினோரு வருஷம் அப்படித்தான் சுட்டேன்.

2.30க்குக் கீழே இறங்கினோம். வெளியே பனிமூட்டம். கால்வாயிலிருந்து கிளம்பி காற்றுத்துளை வழியாகச் சுரங்கத்துக்குள்ளும் வந்து நின்றது. அந்தக் கோடி விளக்கு மஞ்சள் கறையாகத்தான் தெரிந்தது.

"பேரு யோசிச்சியா?" என்று கேட்டேன்.

"பையன்னா என் பேரு. பொண்ணுன்னா எட்னா பேரு."

"பாவம், பையனாப் பொறந்துறக் கூடாது."

"உன் மூக்கு வராம இருந்தா போதும் மச்சான், வேற எதா இருந்தாலும் வளத்துருவேன்."

சிரித்துக்கொண்டே பலகையைத் தூக்கிக்கொண்டு போனான். நான் பஞ்சை வைத்தேன்.

முதல் நாலு துப்பாக்கி ஒழுங்காகப் போயிற்று. ஹோரஸ் தட்டினால் தெரியும். முழு உள்ளங்கை. குதிரையைத் தட்டுகிற மாதிரி. தோள் இறங்கும்.

3.31. ஐந்தாவது. தட்டு வந்தது. கொஞ்சம் சீக்கிரம் வந்த மாதிரி இருந்தது. சுட்டேன். ஆறு. சரி.

3.40. ஆறாவது. தட்டு வந்தது... உள்ளங்கை இல்லை. விரல் நுனி. களைத்துப் போயிருப்பான் என்று நினைத்தேன். சுட்டேன். ஆறு. பஞ்சை எடுத்துவிட்டு, "என்னடா, கை வலிக்குதா?" என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். சந்தின் வாயில் காலி. கொஞ்சம் பொறுத்து ஹோரஸ் சந்துக்குள்ளிருந்து வந்தான்.

"சுட்டுட்டியா? நான் வந்து தட்டவே இல்லியே" என்றான்.

"வெளையாடாத மச்சான்."

"நீதான் வெளையாடற. நான் சந்துல பாதி வழியில வந்துட்டிருக்கேன், டமார்னு ஆரம்பிச்சுட்ட. தோள் தானா துடிச்சிருக்கும். வயசாகுதுல்ல?"

அத்தோடு அன்றைய வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. இன்னும் ஒன்று பாக்கி, முடித்துவிட்டுப் போகலாம் என்றான் அவன். சரி என்றேன் நான்.

3.47. அவன் பலகையோடு போனான். நான் பஞ்சை வைத்துக்கொண்டு மேஜையிலிருந்து ஏழாவது துப்பாக்கியை எடுத்தேன்.

கழுத்துக்குப் பின்னால் நனைந்த கம்பளி நாற்றம். பட்டாளத்து மேல்கோட்டு மழையில் நனைந்தால் வருமே, அந்த நாற்றம்.

உருளையைத் திறந்தேன். நீளத் தோட்டா ஆறு. எண்ணித்தான் போட்டேன். சுலபமாக இறங்கின. மூடினேன். கையில் எதுவோ லேசாகக் கிணுகிணுத்தது. பிடியின் அடியில் இருந்த வளையம். பளபளவென்று...

அதைப் பார்த்தேன். பார்த்தும் புத்தியில் ஏறவில்லை.

இரும்பு சூடாக இருந்தது.

3.52.

ரெண்டு தட்டு. விரல் நுனி. மெதுவாக, அவசரமே இல்லாமல்.

அது அவன் கை இல்லை என்று என் தோளுக்குத் தெரிந்துவிட்டது. என் கைக்குத் தெரியவில்லை. பதினோரு வருஷப் பழக்கம். கை தானாக உயர்ந்தது. நிறுத்து, நிறுத்து என்று உள்ளே கத்துகிறேன். விரல் என் பேச்சைக் கேட்கவில்லை.

ஒன்று.

ரெண்டு.

மூணு.

நாலு.

அஞ்சு.

ஒவ்வொன்றுக்கும் செங்கல் அதிர்ந்தது. பஞ்சையும் மீறிக் காது அடைத்தது.

ஆறு.

அது மட்டும்... எதிரொலியே இல்லை. திறந்த வெளியில், எங்கேயோ வயல்காட்டில் சுட்ட மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான்.

துப்பாக்கியை மேஜையில் வைத்தேன். பஞ்சைப் பிடுங்கினேன்.

அந்தக் கோடியிலிருந்து அலறல்.

"மச்சான்! சுடாத! மச்சான்! நான் இங்கதான் இருக்கேன்!"

திரும்பினேன். என் பின்னால் யாரும் இல்லை.

ஓடினேன். சந்து வழியாக இல்லை, சுரங்கத்துக்குள்ளேயே ஓடினேன். பனி. புகை. மஞ்சள் விளக்கு. பலகைக்குக் கீழே ஹோரஸ் குப்புறக் கிடந்தான். கை ரெண்டும் தலைமேல். முதுகு எனக்கு நேராக.

தொட்டேன். அசைந்தான். புரட்டினேன். முகமெல்லாம் மண்.

"எங்கடா பட்டுச்சு? எங்க?"

"படல... படல மச்சான். ஆணி கீழ விழுந்துச்சு. குனிஞ்சேன். அதுக்குள்ள..."

சட்டையைக் கிழிக்காத குறையாகத் தூக்கிப் பார்த்தேன். முதுகு, நெஞ்சு, விலா. ரத்தம் இல்லை. ஒரு கீறல் இல்லை. பலகையில் அஞ்சு ஓட்டை. அஞ்சும் அவன் நெஞ்சு உயரத்தில்.

அவன் சிரித்தான். சிரிப்பும் அழுகையுமாக வந்தது. "அஞ்சு சுட்ட. எண்ணிக்கிட்டே கெடந்தேன். ஆறாவது எனக்குத்தான்னு காத்துக்கிட்டு கெடந்தேன் மச்சான். அது வரவே இல்ல."

ஆறாவது சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை.

எனக்குக் கேட்டது.

சத்தம் கேட்டு லெஞ்ச் இறங்கி வந்தார். ஹோரஸை மேலே அனுப்பித் தேநீர் கொடுக்கச் சொன்னார். மேஜையிலிருந்த துப்பாக்கியை எடுத்து விளக்கில் பிடித்தார். அம்பு ஒன்று.

"இது எப்படிடா இங்க வந்துச்சு?"

"தெரியாதுங்க."

பையைத் தொட்டார். சாவி இருந்தது. குழலை முகர்ந்து பார்த்தார். அப்போதுதான் சுட்ட வாசனை. உருளையைத் திறந்து கொட்டினார். அஞ்சு நீளத் தோட்டாவின் காலிக் கூடு விழுந்தது. புதுப் பித்தளை. ஆறாவது விழவில்லை. குச்சியால் குத்தினார். விழுந்தது. குட்டை. கறுத்துப்போய், பச்சை பூத்து. பட்டாளத்துக் கூடு.

"நான் ஆறும் நீளம்தான் போட்டேன். எண்ணிப் போட்டேன்" என்றேன்.

அவர் ஒரு நீளத் தோட்டாவை எடுத்து ஒரு துளையில் விட்டார். பாதியில் நின்றது. அடுத்த துளை. பாதி. ஆறிலும் பாதி. காலையிலேயே பூட்டி வைத்த துப்பாக்கி. அதை நாங்கள் கடையவே இல்லை. நீளத் தோட்டா அதில் இறங்காது. உருளை மூடாது. சுடவே முடியாது.

ஆனால் பலகையில் அஞ்சு ஓட்டை இருந்தது.

லெஞ்ச் அந்தக் குட்டைக் கூட்டைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எத்தன சுட்ட?"

"ஆறு."

"ஹோரஸ் என்ன சொல்றான்?"

"அஞ்சு."

"அப்போ அஞ்சு. புரியுதா ஈனாக்? அவன் பொண்டாட்டி இருக்கற நெலமையில, அஞ்சு."

தலையாட்டினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, நான் தனியாக மணலைச் சலித்தேன். வியாழன் காலையில்தான் சுத்தமாகச் சலித்து வைத்திருந்தோம். ஆறு துப்பாக்கிக்கு முப்பத்தாறு குண்டு. ஏழாவதுக்கு அஞ்சு. நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றும் கிடைத்தது. மூணு தடவை சலித்தேன். சுவர் முழுக்கத் தடவினேன். கூரையையும் தடவினேன். நாற்பத்திரண்டாவது இல்லை.

ஜனவரியில் பட்டாளத்து லாரி வந்து அந்தத் துப்பாக்கியைக் கொண்டுபோனது. எட்னாவுக்குப் பெண் பிறந்தது. என் மூக்கு இல்லை. ஹோரஸ் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். நானும் மறந்துவிடப் பார்த்தேன். ஒரு குண்டுதானே, சுவரில் எங்கேயாவது செருகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

1958 மார்ச். எங்கள் தெருமுனைக்கு எக்ஸ்ரே வண்டி வந்தது. காசநோய் பார்க்கிற வண்டி. பட்டறை மொத்தமும் வரிசையில் நின்றோம். ஒரு வாரம் கழித்து ஹோரஸை மட்டும் மார்பு மருத்துவமனைக்குக் கூப்பிட்டார்கள். பயந்துபோய் என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார்.

"போர்ல எந்த ஊர்ல வாங்கினீங்க இத? இத்தாலியா? பர்மாவா?"

"எத டாக்டர்?"

"இந்தக் குண்டத்தான்."

இடது தோள்பட்டை எலும்புக்கு உட்பக்கமாக, வெள்ளையாக, விரல் நகம் நீளத்தில்.

"நான் பட்டாளத்துக்கே போனதில்ல. தட்டைப் பாதம்னு திருப்பி அனுப்பிட்டாங்க" என்றான் ஹோரஸ். சட்டையைக் கழற்றிக் காட்டினான். டாக்டர் முதுகை அழுத்தி அழுத்திப் பார்த்தார். தோலில் தழும்பு கிடையாது.

"சுத்தி சுண்ணாம்பு கட்டியிருக்கு. பத்துப் பதினஞ்சு வருஷமாவது உள்ள இருக்கணும்" என்றார். "இதயத்துக்குப் பக்கம். கத்தி வைக்க முடியாது. தொந்தரவு இல்லேன்னா விட்டுருங்க. வருஷா வருஷம் வந்து படம் எடுத்துக்குங்க."

வெளியே வந்ததும் ஹோரஸ் வயிறு குலுங்கச் சிரித்தான். "யாரோ ஒரு சிப்பாயோட படத்த என் பேருல மாட்டிட்டாங்க மச்சான்!"

நானும் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று தெரியவில்லை.

அடுத்த வருஷமும் அவன் பெயரில் அதே படம் வந்தது. கூடவே, முதல் தடவை மாதிரியே, உறையில் ஒரு சீட்டு. ஹோரஸ் அதைப் பிரிப்பதே இல்லை. கடிகாரத்துக்குப் பின்னால் செருகிவிடுவான். நான் அதைப் படித்தாக வேண்டும். யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்ல முடியாது. நாற்பத்து மூணு வயசில் மாலைப் பள்ளிக்குப் போனேன். சின்னப் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து எழுத்துக் கூட்டினேன். எல்லாரும் கேலி செய்தார்கள். ஹோரஸ்தான் ரொம்ப. படிக்க வந்ததும் உறைகளை மொத்தமாக என் கையில் கொடுத்தான். "நீதான் இப்போ பண்டிதனாச்சே, படிச்சுச் சொல்லு."

சீட்டில் டாக்டர் கோழிக்கிறுக்கலாக எழுதியிருப்பார். குண்டுக்கும் இதயத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று.

1958. ரெண்டு அங்குலம்.

1959. ஒன்றே முக்கால்.

1960. ஒன்றரை.

அந்த டாக்டரிடம் தனியாகப் போனேன். எனக்குத் தெரிந்ததில் பாதியைச் சொன்னேன். இரும்பு தானாக நகராது, ஒவ்வொரு தடவையும் அவர் நிற்கிற நிலை கொஞ்சம் மாறும், அளவு முன்னே பின்னே வரும் என்றார். முன்னே பின்னே வரவில்லை ஐயா, முன்னே மட்டும்தான் போகிறது என்றேன். அவர் பேனாவை மூடினார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

1961. ஒன்றே கால்.

1962. ஒன்று.

1963. முக்கால்.

போன வாரம் இந்த வருஷத்துச் சீட்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. எட்னா இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தாள். மகள் அப்பன் மடியில் உட்கார்ந்து, அவன் நெஞ்சில் சாய்ந்துகொண்டு உருளைக்கிழங்கு தின்றாள். நான் உறையைப் பிரித்தேன். ஒரு தடவைக்கு ரெண்டு தடவை படித்தேன்.

"என்னண்ணே போட்டிருக்கு?" என்றாள் எட்னா.

"பண்டிதர் எழுத்துக் கூட்டறாரு, பொறு" என்றான் ஹோரஸ்.

அரை அங்குலம்.

"அப்படியேதான் இருக்கு" என்றேன். "நகரவே இல்ல."